நிலத்தின் ஜாபிதா

நகரசபைச் செய்தி என்றால் நம்மவரிற் பலர் பத்திரிகையின் அந்தப் பக்கத்தைப் படியாமலே புரட்டிவிடுவது வழக்கம். குழாயில் தண்ணீர் வராத நாளிலும், மழைக்காலத்தில் தெருவில் முழங்காலளவு வெள்ளம் நிற்கும் நாளிலும் மட்டுமே நகரசபை என்று ஒன்று இருப்பது நம் நினைவுக்கு வருகிறது. அதிலும் நிலப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு, மண்டல மாற்றம் என்னும் சொற்றொடர்களைக் கண்டால், இவை பொறியாளரும் கட்டட முதலாளிகளும் தமக்குள் பேசிக்கொள்ளும் பாஷை என்று ஒதுங்கிவிடுகிறோம். இம்முறை அவ்வாறு ஒதுங்க வேண்டாமென்று அன்பர்களைக் கேட்டுக்கொள்கிறோம். தாராவியில் வாழும் நம் குடும்பங்களின் கூரையும், அக்கூரையின்கீழ் நடக்கும் பிழைப்பும் இவ்விரண்டு சொற்றொடர்களுக்குள் அடங்கிக் கிடக்கின்றன.

கிராமத்திற் பிறந்தவர்களுக்கு இதனை விளக்குதல் எளிது. கணக்குப்பிள்ளை புலம் புலமாக நடந்து சென்று, இந்தப் புல எண்ணில் நெல், இதில் உளுந்து, இது தரிசு, இது நத்தம், இது மேய்ச்சற் புறம்போக்கு என்று அடங்கலில் எழுதுவார். பரம்பரைக் கணக்குப்பிள்ளைப் பதவி 1980-ல் ஒழிந்தது, அடங்கல் ஒழியவில்லை. உழுதவன் பெயர் அதில் விட்டுப்போயிற்றென்றால், வறட்சி நிவாரணம் வருகிற நாளில் அவன் தாலுகா கச்சேரியின் வாயிலில் நின்று, தான் உழுதது உண்மையென்று ஊராரைச் சாட்சிக்கு அழைக்க வேண்டியதுதான். நகரத்திலும் அதே கதை. எந்த மனையில் வீடு, எதில் கடை, எதில் பட்டறை, எதில் பள்ளி என்று முதலில் உள்ளது உள்ளபடி ஒரு ஜாபிதா எழுதப்படும். பிறகுதான் இனி எங்கே எது இருக்கலாம் என்ற திட்டம். மகாராஷ்டிரத்தின் 1966 ஆம் ஆண்டு நகரமைப்புச் சட்டமும் இவ்வரிசையைத்தான் விதித்திருக்கிறது.

இந்த வித்தையில் நம் முன்னோர் பின்தங்கியவர் அல்லர். முதலாம் இராசராசன் காலத்தில், ஏறத்தாழ 1001 ஆம் ஆண்டில், சோழநாட்டு நிலம் முழுவதும் அளக்கப்பட்டது. தஞ்சைப் பெரிய கோயிற் கல்வெட்டுகளில், கோயிலுக்கு வரி செலுத்தும் ஊர்களைச் சொல்லும் இடத்தில், வரியிலிருந்து கழிக்கப்பட்ட நிலங்களும் ஒவ்வொன்றாக எழுதப்பட்டிருக்கின்றன. ஊர் நத்தம், கோயில், குளம், ஊரை ஊடறுத்துச் செல்லும் வாய்க்கால், கம்மாளர் சேரி, பறையர் சேரி, சுடுகாடு என எதுவும் விடப்படவில்லை. சேரியைத் தனியே எழுதியதற்குச் சேரி தனியே ஒதுக்கப்பட்டிருந்தது காரணம் என்பதை நாம் மறைக்கப் போவதில்லை. ஆயினும் எழுதினார்கள். இருபத்தோராம் நூற்றாண்டு மும்பையின் வரைபடங்களிலோ, இலட்சக்கணக்கானோர் வாழும் குடிசைப் பகுதிகள் பெரும்பாலும் உள்ளே என்ன இருக்கிறதென்ற விவரமே இல்லாத ஒற்றைத் திட்டாகவே நெடுங்காலம் இருந்து வந்தன. பள்ளி, பால்வாடி, பொதுக் கழிப்பிடம், கோயில், மசூதி, பட்டறை யாவும் அத்திட்டினுள் மறைந்துபோயின.

மும்பைக்கு இதுவரை மூன்று வளர்ச்சித் திட்டங்கள் வந்துள்ளன. முதலாவதை 1967-ல் அரசாங்கம் அங்கீகரித்தது. இரண்டாவது 1991 முதல் 1994 வரை பகுதி பகுதியாக அங்கீகாரம் பெற்றது. மூன்றாவதன் வரலாறுதான் சுவையானது. 2012-ல் நடப்பு நிலப் பயன்பாட்டு வரைபடங்கள் வெளியிடப்பட்டபோது, நகரமைப்பு அறிஞர்களும் குடிசைவாசிகளுக்காக உழைக்கும் அமைப்புகளும் வட்டாரம் வட்டாரமாகச் சென்று அவற்றை நேரில் ஒத்துப் பார்த்தனர். பிழைகள் மலிந்திருந்தன. அப்பிழைகளின்மேல் எழுப்பிய வரைவுத் திட்டம் 2015 பிப்ரவரியில் வெளிவந்தது. நின்றுகொண்டிருக்கும் கட்டடங்களின் ஊடே சாலை போயிற்று. ஆராதனைத் தலங்களும் பழம்பெருங் கட்டடங்களும் வேறு ஏதோவாகக் குறிக்கப்பட்டிருந்தன. மக்களிடமிருந்து வந்து குவிந்த யோசனைகளும் ஆட்சேபணைகளும் 65,000-க்கு மேல். ஏப்ரல் மாதத்தில் முதலமைச்சர் தேவேந்திர பட்னாவிஸ் அவ்வரைவைத் தள்ளி, திருத்தி எழுதும்படி உத்தரவிட்டார். ஒரு கோடிக்கு மேற்பட்ட மக்களின் நகரத்துக்கு இருபதாண்டுத் திட்டம் வகுக்கப் புறப்பட்டவர்கள், ஜாபிதாவிற் பிழை விட்டதால் தொடங்கிய இடத்துக்கே திரும்பினார்கள். திருத்திய வரைவு 2016 மே மாதத்தில் வந்தது.

அதன்மேல் 2017 ஜூலையில் நகரசபையில் நடந்த விவாதத்தை நம்மவர் சிலர் நினைவு வைத்திருக்கலாம். 227 அங்கத்தினர் கொண்ட மன்றம் அது. தத்தம் வட்டாரத்தில் எந்தத் தோட்டம் நீக்கப்பட்டது, எந்த மைதானத்தின் ஒதுக்கீடு மாறிற்று என்று பேசிப் பேசி, இருநூற்றுக்கு மேற்பட்ட திருத்தங்களோடு மாத இறுதியில் திட்டத்தை நிறைவேற்றினார்கள். 2018-ல் மாநில அரசாங்கத்தின் ஒப்புதலும் கிடைத்தது. விவாதத்தில் ஆரவாரமும் இருந்தது, கட்சிக் கணக்கும் இருந்தது; ஆனால் எவருடைய வட்டாரத்து நிலமாயினும் அவருடைய பிரதிநிதி எழுந்து நின்று கேள்வி கேட்க ஓர் இடம் இருந்தது என்பதை மறுப்பதற்கில்லை.

தாராவிக்கு அந்த இடமும் இல்லை. தாராவி மறுசீரமைப்புக்கென்று அறிவிக்கப்பட்ட பகுதிக்குக் குடிசை மறுவாழ்வு ஆணையமே தனித் திட்ட அதிகார அமைப்பாக 2005-ல் நியமிக்கப்பட்டது. ஆகவே நகரசபையின் வளர்ச்சித் திட்டத்தில் தாராவி இருக்கும் இடம் பூர்த்தி செய்யப்படாத கட்டம். தாராவி வாக்காளர் அனுப்பும் நகரசபை அங்கத்தினர், கோரேகாவ் மைதானத்தைப் பற்றிப் பேசலாம். தம் வாயிலுக்கெதிரே உள்ள சந்தின் நிலப் பயன்பாட்டை முடிவு செய்யும் ஓட்டு அவர் கையில் இல்லை. போதாக்குறைக்கு, 2022 மார்ச்சில் மன்றத்தின் காலம் முடிந்தபின் தேர்தல் நடவாமல், மூன்றாண்டுகளுக்கு மேலாக ஆணையரே தனி நிர்வாகியாக இருந்து நகரத்தை ஆண்டார். தாராவிக் கணக்கெடுப்பு தொடங்கியது அந்த இடைவெளியில்தான்.

இங்கே மாட்டுங்கா அன்பர்களுக்கு ஒரு வார்த்தை. 1896-ல் பம்பாயில் பிளேக் நோய் புகுந்ததும், 1898-ல் நகர மேம்பாட்டு டிரஸ்ட் அமைந்தது. தாதர், மாட்டுங்கா, வடாலா, சயான் பகுதிகளில் வயலாகவும் தோப்பாகவும் கிடந்த நிலத்தை அந்த டிரஸ்டு அளந்து, மனை பிரித்து, அகலச் சாலை வகுத்து, தோட்டங்களுக்கு இடம் விட்டது. ஐந்து தோட்டங்கள் என்று நாம் மாலையில் உலாவும் பசும்பரப்பு அந்தக் காகிதத்தில் எழுதப்பட்டதன் பயன். தென்னிந்தியக் குமாஸ்தாக்களும் கணக்கர்களும் அங்கே குடியேறினர். 1932-ல் தென்னிந்தியக் கல்விக் கழகம் தோன்றிற்று. கோயிலும் பஜனை சமாஜமும் காப்பிக் கடையும் பூக்கடையும் வந்தன. இருப்புப்பாதைக்கு மேற்கே, அதே நாட்களில், கோலி மீனவரின் கிராமமாயிருந்த தாராவியின் சதுப்பு நிலத்தில் தோல் பதனிடும் தொட்டிகள் எழுந்தன. நாற்றத்துக்கு அஞ்சி நகரம் வெளியே தள்ளிய தொழில் அது. திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்த ஆதிதிராவிடரும் தமிழ் முஸ்லிம்களும் அத்தொட்டிகளில் இறங்கி வேலை செய்தனர். குப்பையும் மண்ணும் கொட்டிச் சதுப்பைத் தூர்த்து அதன்மேற் குடிசை போட்டனர். கிழக்கே நிலம் முதலில் எழுதப்பட்டது, பிறகு மக்கள் வந்தனர். மேற்கே மக்கள் தாமே நிலத்தை உண்டாக்கினர். அதனை எழுத எவரும் வரவில்லை. இரண்டு பக்கத்திலும் குடியேறியவர் தமிழரே. எனினும், ஒரு பக்கத்தவர் மறுபக்கம் சென்று பார்த்தது எத்தனை முறை என்று கேட்டால் நமக்குள் பலர் விரல் விட்டு எண்ணிவிடலாம்.

எண்ணிக்கை எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்குத் தாராவியே சாட்சி. 1985 இறுதியில் பிரதமர் ராஜீவ் காந்தி பம்பாய் நகருக்கு 100 கோடி ரூபாய் மானியம் அறிவித்தார். அதில் ஒரு பங்கு தாராவிக்கு. தாராவியில் ஏறத்தாழ 55,000 குடும்பங்கள் என்று அரசாங்கம் மதிப்பிட்டது. பல ஆயிரம் குடும்பங்களை வேறிடத்துக்கு அனுப்பிவிட்டு, மிச்சமுள்ளவர்களுக்கு வீடு என்பது யோசனை. குடிசைவாசிகளின் தேசிய சம்மேளனமும் அதனோடு இணைந்த அமைப்புகளும் இந்த மதிப்பீட்டை ஒப்பவில்லை. 1986-ல் சந்து சந்தாகத் தாங்களே எண்ணினார்கள். குடும்பங்கள் ஒரு இலட்சத்துக்கு மேல். மக்கள் ஏறத்தாழ 5 இலட்சத்து 30 ஆயிரம். அவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டோர் தமிழ்நாட்டார். அரசாங்கத்தின் பேரேட்டில் பாதித் தாராவி இல்லாமற் போயிருந்தது என்பதே இதன் பொருள்.

அந்தச் சம்மேளனத்தை நிறுவிய ஜாக்கின் அற்புதம், கோலார் தங்கவயலில் பிறந்த தமிழர். 2000-ல் மகசேசே விருதும், 2011-ல் பத்மஸ்ரீயும் பெற்றவர், 2018-ல் மறைந்தார். எண்ணிக்கையின் அருமையை அவருக்குக் கற்பித்த பள்ளிக்கூடம் செம்பூரை அடுத்த ஜனதா காலனி. நகரத்தின் வேறு இடங்களிலிருந்து அப்புறப்படுத்தப்பட்ட ஏழைகளை அதிகாரிகளே கொண்டுவந்து குடியமர்த்திய இடம் அது. தமிழர் அங்கே மிகுதி. பின்னர் அந்நிலம் அணுசக்தித் துறையின் கைக்குப் போயிற்று. காகிதத்தில் நிலத்தின் பயன் மாறியவுடன், அதன்மேல் இருந்த ஏறத்தாழ 70,000 மக்கள் ஆக்கிரமிப்பாளர் ஆகிவிட்டனர். அவர்கள் நீதிமன்றம் ஏறினார்கள். அற்புதம் டில்லி வரை சென்று முறையிட்டார். நெருக்கடி நிலை நாட்களில், 1976 மே மாதத்தில், காலனி இடிக்கப்பட்டது. மக்கள் டிராம்பேயில் உள்ள சீட்டா கேம்ப்புக்கு அனுப்பப்பட்டனர். இன்று அங்கே தமிழ்க் குரல் கேட்காத தெரு இல்லை. அக்குரல்களிற் பல ஒருமுறைக்கு இருமுறை பெயர்க்கப்பட்ட குடும்பங்களின் குரல்கள்.

இதே 1976-ன் ஜனவரியில்தான் மாநிலம் முழுதும் குடிசைகள் எண்ணப்பட்டு, குடியிருப்போருக்குப் புகைப்பட அட்டை வழங்கப்பட்டது. அந்த அட்டையைத் தகரப் பெட்டியின் அடியில் வேட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் முதியவர்கள் இன்னும் தாராவியில் உண்டு. வேண்டாத பழங்காகிதமென்று பேரப்பிள்ளைகள் அதைக் கழித்துவிடக் கூடாது.

நிற்க. நடப்புக் கணக்கெடுப்புக்கு வருவோம். 2022 நவம்பரில் 5,069 கோடி ரூபாய்க்கு ஏலம் கேட்டு அதானி நிறுவனம் தாராவித் திட்டத்தைப் பெற்றது. திட்டத்தை நடத்தும் கம்பெனியில் மாநில அரசாங்கத்துக்கு 20 சதவிகிதப் பங்கு. 2024 மார்ச்சில் வீடு வீடாகக் கணக்கெடுப்பு தொடங்கிற்று. சந்துகளைக் கருவிகளால் அளந்து கதவுக்குக் கதவு எண் எழுதினார்கள். 2025 மே மாதத்தில் பெருந்திட்டம் அங்கீகரிக்கப்பட்டது. விதி இதுதான்: 2000 ஜனவரி 1-க்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் குடியிருப்பவர்களுக்குத் தாராவியிலேயே இலவசமாக 350 சதுர அடி வீடு. அதன்பின், 2011 ஜனவரி 1 வரை வந்தவர்களுக்குத் தாராவிக்கு வெளியே, இரண்டரை இலட்ச ரூபாய்க்கு 300 சதுர அடி. அதற்கும் பின்னர் 2022 நவம்பர் 15 வரை வந்தவர்களுக்கும், மேல்தளங்களில் வாழ்பவர்களுக்கும் வெளியே வாடகைத் தவணை முறையில் வீடு.

மேல்தளம் என்ற சொல்லை அன்பர்கள் கவனிக்க வேண்டும். தாராவியை அறிந்தவர்களுக்கு ஏணிப்படி தெரியும். கீழே அண்ணன் குடும்பம், மேலே தம்பி குடும்பம். அல்லது கீழே பட்டறை, மேலே குடித்தனம். 2007-08 வாக்கில் ஒரு தொண்டு நிறுவனம் எடுத்த கணக்கில் தரைத்தளக் கட்டடங்கள் ஏறத்தாழ 60,000 என்று வந்தது. மேலே இருப்போரின் கதை அந்த எண்ணில் இல்லை. ஒரே ஆண்டில் ஊரிலிருந்து வந்து, ஒரே பண்டசாலையில் உழைத்து, ஒரே கூரையின்கீழ் பிள்ளை பெற்று வளர்த்த இரு சகோதரரில், கீழே இருப்பவன் தாராவியிலும், ஏணி ஏறினவன் எங்கோ ஒரு புறநகரிலும் என்று பிரிவது எந்த நீதியின்பாற் பட்டதென்று நமக்கு விளங்கவில்லை. வந்த நாளை அளவுகோலாக்கினால் அதற்கு ஒரு காரணம் சொல்லலாம். உயரத்தை அளவுகோலாக்குவதற்கு என்ன காரணம்?

நிறங்களின் தொல்லை வேறு. நிலப்பயன்பாட்டு வரைபடத்தில் குடியிருப்புக்கு மஞ்சள், வாணிபத்துக்கு நீலம், தொழிலுக்கு ஊதா என்று தீட்டுவது வழக்கம். விடியுமுன் எழுந்து, அடுப்பேற்றி, இட்டிலி அவித்து, சட்டினி அரைத்து, பாத்திரத்தைத் தலையிலும் மிதிவண்டியிலும் ஏற்றி நகரமெங்கும் அனுப்புகிறதே நம்மவர் வீடு, அதற்கு எந்த நிறம்? பகலில் அதே திண்ணையில் முறுக்குப் பிழிகிறார்கள். இரவில் அதே அறையில் ஏழு பேர் உறங்குகிறார்கள். மஞ்சள் தீட்டினால் அடுப்புக்கு இடமில்லை. ஊதா தீட்டினால் பாய்க்கு இடமில்லை. குயவர் வீதியில் சூளையும் வீடும் ஒன்று. தோற்பை தைப்பவருக்குத் தையல் இயந்திரம் இருக்குமிடமே வீடு. எழுபது, எண்பது அடுக்கு மாளிகை வேண்டாம். இந்த ஒன்றைக் கணக்கெடுப்புப் படிவம் சரியாகக் கேட்டு எழுதினாற் போதும் என்று நமக்குத் தோன்றுகிறது.

வெளியே என்றால் எங்கே? 2024-ல் அரசாங்கம் இதற்கென ஒதுக்கிய நிலங்களில் காஞ்சூர்மார்க், பாண்டுப், முலுண்ட் பகுதியின் உப்பளங்கள் 255.9 ஏக்கர், குர்லா பால்பண்ணை நிலம் எட்டரை ஹெக்டேர், தேவ்னார் குப்பைமேட்டில் 124.3 ஏக்கர். செம்பூர் அன்பர்களுக்குத் தேவ்னாரை நாம் அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. 1927 முதல் நகரத்தின் குப்பை மலையாகக் குவிந்த இடம். 2016-ல் அது தீப்பற்றி எரிந்தபோது செம்பூரில் சன்னல் திறக்க முடியாமல் பள்ளிகள் மூடப்பட்டதை யாவரும் அறிவர். குப்பையை அகற்றிவிட்டுத்தான் வீடு என்கிறார்கள். அகற்றினபின் மண்ணையும் நீரையும் காற்றையும் சோதித்த அறிக்கையைத் தமிழிலும் மராத்தியிலும் பொதுமக்கள் பார்வைக்கு வைத்தபிறகே ஒரு குடும்பத்தையேனும் அங்கே அனுப்பலாம் என்பது நம் கட்சி. உப்பளங்களோ மழைநீரைத் தாங்கும் தாழ்நிலம். அங்கே குடியேறுபவர் மட்டுமன்றி, அக்கம்பக்கத்தாரும் கவலைப்பட நியாயமுண்டு.

இதற்கிடையே நிலத்தின் மதிப்பு வேறு வழியில் நகரெங்கும் பரவப் போகிறது. தாராவியில் பயன்படுத்தாத கட்டட உரிமையை வெளியே விற்கலாம், டி.டி.ஆர். என்று அதற்குப் பெயர். மற்ற இடங்களில் கட்டுவோர் தமக்கு வேண்டிய இவ்வுரிமையில் முதல் 40 சதவிகிதத்தைத் தாராவியிலிருந்தே வாங்க வேண்டும் என்ற விதிக்கு 2023 நவம்பரில் வரைவு வந்தது. ஆக, மாட்டுங்காவில் ஒரு பழைய மாடிவீட்டை இடித்துப் புதிது கட்டினாலும் அதன் உச்சித் தளங்களில் தாராவியின் சதுர அடிகள் இருக்கக் கூடும். அச்சதுர அடிகளின் சொந்தக்காரரின் பெயர் ஜாபிதாவில் இருந்ததா என்று கேட்கும் கடமை, அந்த மாடியில் குடியேறுபவருக்கும் உண்டு.

தாராவி மாறவே கூடாதென்று நாம் வாதிக்கவில்லை. கை நீட்டினால் இரு சுவரும் தொடும் சந்தில் பிள்ளைகளை வளர்ப்பது பெருமையென்று பேசுபவர், அங்கே ஒரு மழைக்காலம் இருந்து பார்க்கட்டும். விடியற்காலையில் பொதுக் கழிப்பிடத்தின் முன் வரிசை, தீப்பிடித்தால் வண்டி நுழைய வழியின்மை, இவற்றைத் தாங்கி மூன்று தலைமுறை கழிந்துவிட்டது. திட்டம் விரைவில் வரட்டும் என்று விரும்பும் நம் சகோதரிகளிடம் நாம் எதிர்வாதம் செய்யத் துணியோம். வேறு சிலர் கணக்கெடுப்பாளருக்குக் கதவைத் திறக்க மறுத்தனர். அவர்கள் அச்சத்துக்குக் காரணம் உண்டென்றாலும், அவ்வழி ஆபத்தானது என்றே கருதுகிறோம். 1986-ல் எண்ணினவர்களால்தான் பாதித் தாராவி காகிதத்தில் மீண்டும் தோன்றியது. மறுத்தவன் வீடு வரைபடத்தில் வெற்றிடம். வெற்றிடத்துக்காக வாதாட எந்த வக்கீலாலும் இயலாது.

ஆகவே செய்யத் தக்கவை சில உண்டு. கணக்கெடுப்புத் தாளில் மேல்தளக் குடித்தனமும், வீட்டில் நடக்கும் தொழிலும் எழுதப்பட்டனவா என்று கையொப்பமிடுமுன் பார்க்க வேண்டும். எழுதியதன் நகலைக் கேட்டு வாங்க வேண்டும். புகைப்பட அட்டை, பழைய மின்சாரப் பட்டியல், வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்த பக்கம், ரேஷன் அட்டை ஆகியவற்றின் நகல்களை ஊரிலுள்ள உறவினரிடமும் ஒரு தொகுதி கொடுத்து வைத்தல் நன்று. தகுதியுடையோர் பட்டியலாகிய பரிசிஷ்டம் 2 வெளியாகும்போது, ஆட்சேபணை சொல்வதற்குத் தரும் நாட்கள் சொற்பம். அது மராத்தியில் இருக்கும். எழுத்துப்பெயர்ப்பில் நம் பெயர்கள் படும் பாட்டைச் சொல்ல வேண்டியதில்லை. முத்துலட்சுமி ஒரு தாளில் முத்துலக்ஷ்மி, மறுதாளில் எம். லக்ஷ்மி என்றிருந்தால் இருவர் என்று தள்ளிவிடுவார்கள்.

நகரசபை அங்கத்தினரிடம், அவர் எக்கட்சியாயினும், ஒன்று கேட்கலாம். தாராவியின் நிலப் பயன்பாட்டு வரைபடத்தை, ஓட்டுரிமை இல்லாவிடினும், மன்றத்தில் வைத்து ஒரு நாள் விவாதிக்கும்படி தீர்மானம் கொண்டுவரட்டும். 227 பேர் முன்னிலையில் சொல்லப்பட்ட பிழை நடவடிக்கைக் குறிப்பில் ஏறும். பிறகு அதனை இல்லையென்பது கடினம்.

மாட்டுங்காவிலும் செம்பூரிலும் வங்கி, ரயில்வே, வருமானவரி அலுவலகங்களில் முப்பதாண்டு கோப்புப் பார்த்து ஓய்வுபெற்றவர்கள் நம்மிடையே எத்தனையோ பேர் இருக்கிறார்கள். மராத்தி படிக்கவும் மனு எழுதவும் பழகிய கைகள். பட்டியல் வரும் வாரங்களில் ஞாயிறு காலை இரண்டு மணி நேரம் தாராவியில் ஒரு பள்ளித் தாழ்வாரத்தில் உட்கார்ந்து, பெயரைத் தேடிக் கொடுத்து, விண்ணப்பம் எழுதித் தருவதற்கு முன்வருபவர்கள் தங்கள் பெயரைச் சங்கத்தில் பதிவு செய்துகொள்ளலாம். சயானில் இறங்கினால் நடந்துபோகும் தூரந்தான்.